வெப்சைட்டுக்கு ஒரு கட்டளை

அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் கட்ட வேண்டும் என்று போய் நின்றால் நம்மூரில் பணம் தர ஆள் கிடைக்கும். கண்ணாடிப் பேழை வாங்க வேண்டும், சிசிடிவி மாட்ட வேண்டும், கழிப்பறை கட்ட வேண்டும் என்றாலும் கிடைக்கும். கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான். வெப்சைட்டைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "எங்க அக்கா பையன் காலேஜ்ல அதுதான் படிக்கிறான், அனுப்பி வைக்கட்டுமா?" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர்ப் பக்கம், கொங்குநாட்டில், ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது. ரோமானியக் காசுகள், உழும்போது கிடைத்த கல்மணிகள், நடுகற்களின் மைப்படிகள், ஓலைச்சுவடிகள், அளக்கும் இரும்புப் படி முதல் ஏற்றம் இறைத்த சால் வரை. டிரஸ்ட் பதிவு செய்து, பழைய வீடு ஒன்றில் நடக்கிறது. சில வருடங்களாக அதன் வெப்சைட் விவகாரம் என் தலையில். அதற்குப் பணம் தேடிப் போன இடங்களில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் நிச்சயம் இருப்பார்கள்.

முதலில் பழைய தளத்தைப் பற்றி. யூனிகோடு நம் பக்கம் சரியாகப் பரவாத காலத்தில் ஒரு மாணவர் ஆர்வத்தில் செய்து கொடுத்தது. பாதிப் பக்கங்கள் பாமினி எழுத்துருவில், மீதி டிஸ்கி குறியீட்டில். 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அறிவித்தது. 2010-ல்தான் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. நடுவில் இருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தமிழில் உருவான தளங்களில் பலவற்றுக்கு இந்தக் கதிதான். இன்று திறந்தால் 'ரோமானியக் காசுகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் நிறுத்தற்குறியும் கலந்து ஓடும். அது தமிழ் என்று கூகுளுக்கே தெரியாது. அதனால் தேடுகிறவர்களுக்கும் அகப்படாது. அந்தத் தளத்தில் சரியாகப் படிக்க முடிகிற ஒரே விஷயம் தொலைபேசி எண். அதுவும் மாறிவிட்டது.

கொட்டேஷன் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒருவர் 30,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்றார். இன்னொரு நிறுவனம் 12 லட்சம் போட்டு அனுப்பியது. தமிழாசிரியர் ஐயா இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஒரே சாமானுக்கா இந்த ரெண்டு வெலையும்?" என்றார். நியாயமான கேள்வி. 30,000 என்பது ரெடிமேட் வேர்ட்பிரஸ் தீம் ஒன்றில் நம் லோகோவையும் நாலு படத்தையும் ஏற்றித் தர. 12 லட்சம் என்பது எல்லாவற்றையும் புதிதாக எழுத. உள்ளே என்ன போடுவது என்ற செலவு இரண்டு தாளிலும் இல்லை.

அந்தச் செலவுதான் பெரிது. ஒவ்வொரு பொருளையும் அளவுகோலும் வண்ண அட்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். நீளம், எடை, என்ன உலோகம், எந்த ஊர்க் காட்டில் கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எந்த வருடம் என்று எழுத வேண்டும். பழைய பதிவேட்டில் 'மணி 14' என்று மட்டும் இருக்கும். அது கண்ணாடியா சூதுபவளமா என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி. பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றினால் எழுத்துப்பிழை திருத்த ஓர் ஆள். இதையெல்லாம் கணக்கில் சேர்த்ததும், டிசைனும் புரோகிராமிங்கும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டன. ஓமேகா மாதிரி இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் மனதில் வைத்து உருவாக்கியது அது. அதைப் பயன்படுத்தினால் இன்னும் குறையும். ஆக, தேவைப்படும் பணத்தில் பெரும்பகுதி பொருட்பட்டியல் தயாரிக்கத்தான். விண்ணப்பத்தின் தலைப்பிலும் அதுதானே இருக்க வேண்டும்?

எழும்பூர் அருங்காட்சியகத்தை நினைத்துப் பாருங்கள். 1851-ல் தொடங்கியது. அங்குள்ள செப்புத் திருமேனிகளுக்கு எஃப்.எச். கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் சேர்ந்து எழுதிய பட்டியல், அருங்காட்சியகத்தின் புல்லட்டின் வரிசையில் 1932-ல் வந்தது. தென்னிந்திய வெண்கலங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். எதற்கு இந்தப் பட்டியல் என்று கேட்ட யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. இருப்பதை எண்ணி, அளந்து, ஊருக்குச் சொல்வது அருங்காட்சியகத்தின் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பட்டியல் இன்றைக்கு வருமானால் இணையத்தில்தான் வரும். அதனால் 'வெப்சைட்' என்ற சொல்லை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். 'சேகரிப்பை ஆவணப்படுத்திப் பொதுமக்களுக்குத் திறத்தல்' என்று ஆனது. தளம் நான்காம் பக்கத்துக்குப் போனது.

ஆவணப்படுத்துவதன் அவசரத்தைச் சொல்ல நல்ல சம்பவங்கள் இருக்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடு போய், கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார். 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். இது நம்முடையதுதான் என்று காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். அவர்கள் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்துச் சேர்த்தவர்கள். எடுக்கும்போது சிலைத் திருட்டு வழக்குக்கு என்று யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்று லண்டனில். பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 2,000 பொருட்கள் காணாமலோ களவோ போன, அல்லது சேதமடைந்த செய்தி 2023 ஆகஸ்டில் வெளியானது. போனவற்றில் பல, பட்டியலில் சரியாக ஏறாத சின்னச் சின்னக் கற்கள், நகைகள். இரண்டே மாதத்தில், முழுச் சேகரிப்பையும் ஐந்து ஆண்டுகளில் இணையத்தில் ஏற்றப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 24 லட்சம் பதிவுகளைப் புதிதாக ஏற்றவோ திருத்தவோ வேண்டும். ஒரு கோடி பவுண்டு ஆகும். அதை அரசிடம் கேட்காமல் தனியாரிடம் திரட்டப் பார்ப்போம் என்றார்கள். கவனியுங்கள், அவர்களும் புது வெப்சைட் வேண்டும் என்று கேட்கவில்லை. திருட்டைத் தடுக்கக் கேட்டார்கள். இந்தச் சம்பவங்களை அரைப் பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தின் முன்னால் வைத்த பிறகு, எதிரே உட்கார்ந்திருப்பவர் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

இனி, யாரிடம் கேட்பது.

எல்லோரும் முதலில் சொல்வது சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. சொல்கிறவர்கள் மனதில் டாடாவும் இன்ஃபோசிஸும் இருக்கும். அங்கே போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 5 கோடி லாபம் என்றால் நம்ம ஊர் நூற்பாலை வரும், பம்பு கம்பெனி வரும், கோழித்தீவனக் கம்பெனி வரும். அதே பிரிவு, கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்றும் சொல்கிறது. இன்னும் ஒன்று. சிஎஸ்ஆர் தொகை 50 லட்சத்துக்குள் இருக்கும் கம்பெனிகள் தனியாகக் குழு அமைக்க வேண்டியதில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். பெருநிறுவனத்தில் ஆறு மேஜை தாண்டிப் போக வேண்டிய தாள், இங்கே எம்.டி.யின் மேஜைக்கு நேராகப் போகும். அந்த எம்.டி. பள்ளிக்கூடத்தில் ஐயாவிடம் தமிழ் படித்தவராக இருந்துவிட்டால், சொல்லவே வேண்டாம்.

எந்தத் தலைப்பில் கேட்பது என்பதற்கும் யோசனை வேண்டும். சட்டத்தின் 7-வது அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாடு என்று ஓர் இனமே இருக்கிறது. எல்லோரும் அதில்தான் கேட்பார்கள். ஆனால் கம்பெனிகளின் பணத்தில் பெரும்பங்கு போவது கல்விக்கும் மருத்துவத்துக்கும். நாங்கள் கல்வியில் கேட்டோம். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. வரலாற்றுப் பாடம் நடத்தும்போது, பக்கத்து ஊர்க் காட்டில் கிடைத்த ரோமானியக் காசை ஆசிரியர் திரையில் காட்ட முடிந்தால் எப்படி இருக்கும் என்று எழுதினோம். பொய்யில்லை. அதற்குத்தான் அந்தத் தளமே.

நாங்கள் போன ஒரு கம்பெனியில் சிஎஸ்ஆர் பார்க்கும் பெண் அதிகாரி நன்றாகவே கேட்டார். கடைசியில், "எல்லாம் சரிங்க, திறப்பு விழாவுக்குச் சேர்மன் வருவார். எதைத் திறப்பார்?" என்றார். சிரிப்பு வந்தாலும், அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அது பெரிய கேள்வி. ஆண்டறிக்கையில் போட ஒரு படம் வேண்டும் அவருக்கு. அதற்காகவே திட்டத்தில் ஒரு தொடுதிரையைச் சேர்த்தோம். அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், இடுப்புயர மரப்பீடத்தில் ஒரு திரை. அதில் ஓடுவது அதே வெப்சைட். பீடத்தில் பித்தளைத் தகடு, தகட்டில் கம்பெனி பெயர். திறக்க ஒரு பொருள் கிடைத்தது. தனியாக மென்பொருள் எழுதவும் தேவைப்படவில்லை. இப்போது வருகிற பிள்ளைகள் நேரே அந்தத் திரைக்குத்தான் ஓடுகிறார்கள் என்பது வேறு கதை.

காகித விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2021 ஏப்ரல் முதல், சிஎஸ்ஆர் பணம் வாங்கும் டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். வருமான வரியில் 12ஏ, 80ஜி பதிவுகளும், மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். மார்ச் 31-க்குள் செலவாகாத பணத்தைக் கம்பெனி வேறு அரசு நிதிக்கோ தனிக் கணக்குக்கோ மாற்ற வேண்டிவரும் என்பதால், ஜனவரி தாண்டியதும் சில இடங்களில் திடீரென்று போன் வரும்: "உங்க புரொபோசல் இன்னும் இருக்குதுங்களா?" அந்த நேரத்தில் ஆடிட்டரைத் தேடிக்கொண்டிருந்தால் வேறு யாருக்காவது போய்விடும். மூன்று வருட வரவுசெலவும் கையெழுத்தும் முத்திரையுமாக ஒரே பைலில் இருக்கட்டும். சேகரிப்பில் பழைய சிற்பமோ ஓவியமோ இருந்தால், 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். இணையத்தில் படத்தை ஏற்றுகிறோம் என்றாலே, இது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் அருங்காட்சியகங்களுக்கு மானியம் தரும் திட்டம் வைத்திருக்கிறது. பொருட்களை டிஜிட்டலாக்கிப் படங்களையும் பட்டியலையும் இணையத்தில் வெளியிடவும் அதில் உதவி உண்டு. பதிவு பெற்ற டிரஸ்டுகளும் கேட்கலாம். நம் பங்காக ஒரு தொகை போட வேண்டும். அமைச்சகத்தின் கீழ் இருக்கும் டெல்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் போன்றவை சி-டாக் உருவாக்கிய 'ஜதன்' என்ற மென்பொருளில் பட்டியலிட்டு, ஒரே தேசியத் தளத்தில் ஏற்றுகின்றன. தனியே தளம் கட்ட வழியில்லாத சின்ன இடங்களுக்கு இப்படி ஒரு பொது வீடு மாநில அளவில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். கீழடியில் சுமார் 18 கோடி ரூபாயில் அருமையான அருங்காட்சியகம் கட்டி 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்தத் தொகையில் ஒரு சிறு துளி இருந்தால், மாவட்டங்களில் தனியார் கையில் இருக்கும் சேகரிப்புகளுக்கெல்லாம் ஒரு பொதுத் தளம் கட்டிவிடலாம். சரி, அது அரசு நினைத்தால் நடக்கிற காரியம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள். "கனடாவில் சொன்னா கொட்டுவாங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. கொட்டுவார்கள்தான், அதை நாம் வாங்க முடியுமா என்பதுதான் சிக்கல். ஒருவர் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டால், அவர் தமிழராக இருந்தாலும், பிறந்தது ஈரோடாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் பணம் வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட ஒரு கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். வாங்கிய ஒரு டிரஸ்ட் அதை இன்னொரு டிரஸ்டுக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே 'பெரிய அமைப்பு ஒன்றின் வழியாக வாங்கிக்கொள்ளலாம்' என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. அதேசமயம், இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. எங்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் உதவியது. நன்கொடை கேட்கும் கடிதத்திலேயே 'எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?' என்று ஒரு கட்டம் போட்டோம். சிலருக்குக் கோபம். ஒருவர் போன் செய்து, "நான் என்ன வெளிநாட்டுச் சதிகாரனா?" என்று கேட்டார். அவருக்கு ஐயாவே பேசிச் சமாதானம் சொன்னார். அவரால் பணம் தர முடியவில்லை. பதிலாக ஆங்கிலக் குறிப்புகள் அத்தனையையும் வரி வரியாகத் திருத்திக் கொடுத்தார். தொழில்முறையில் ஒருவரை வைத்திருந்தால் அதற்குக் கணிசமாகச் செலவாகியிருக்கும்.

உள்ளூர்த் தனிநபர்களிடம், நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி ரசீதைக் காட்டிக் கேட்கும் உத்தி இப்போது வலுவிழந்துவிட்டது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. சம்பளக்காரர்களில் நிறையப் பேர் மாறிவிட்டார்கள். அவர்களிடம் வரியைப் பற்றிப் பேசாமல் பொருளைப் பற்றிப் பேசுவதே மேல். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தத்தெடுத்துப் பராமரிப்புக்குப் பணம் தரும் ஏற்பாடு உண்டு. நாங்கள் அதை நம்மூர் முறையில் 'உபயம்' ஆக்கினோம். ஒரு பொருளைப் படம் எடுத்து, அளந்து, எழுதி, ஏற்ற ஆகும் செலவு ஒருவருடையது. அந்தப் பொருளின் பக்கத்தில் அவர் பெயரோ, அவர் சொல்லும் பெயரோ இருக்கும். தாத்தா பாட்டி பெயரில் செய்கிறவர்கள்தான் அதிகம். கலப்பைக்கும் சாலுக்கும் உடனே ஆள் கிடைத்தது. மைப்படிகளை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. சேகரிப்பில் ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படுவது மைப்படிகள்தான். அதனால் கலப்பைக்கு வந்ததில் மிஞ்சியதை மைப்படிக்குத் திருப்பலாம் என்று ரசீதிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு ஆச்சரியம் தந்தது லாட்டரி. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் பிரதான கட்டடம் பத்து வருடம் மூடியிருந்து 2013 ஏப்ரலில் திறந்தது. கட்டடம் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, 2012-ல், 1,25,000 படங்களோடு 'ரைக்ஸ்ஸ்டூடியோ'வை இணையத்தில் திறந்துவிட்டார்கள். பின்னால் இருந்தது பாங்க்கிரோ லாட்டரியின் பணம். பிரிட்டனில் தேசிய லாட்டரி பாரம்பரிய நிதி என்று ஒரு பெரிய அமைப்பே இருக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-ல் தடை செய்தோம். அது ஏன் என்று நமக்குத் தெரியும், அதைத் திரும்பக் கேட்கவில்லை. அரசுப் பணத்தை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் நிதி தருவதற்கென்றே இருக்கும் மத்திய நிறுவனத்தைச் சுருக்கச் சொல்லி 2025 மார்ச்சில் டிரம்ப் உத்தரவு போட்டார். அடுத்த மாதமே மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியத்தின் மானியங்களும் கொத்தாக ரத்தாயின. பாதி வேலையில் நின்றுபோன டிஜிட்டல் திட்டங்கள் எத்தனையோ.

பிரிட்டன் லாட்டரி நிதியின் ஒரு நிபந்தனை என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அவர்கள் பணத்தில் செய்த தளமோ படமோ, இரண்டரை லட்சம் பவுண்டு வரை வாங்கியிருந்தால் திட்டம் முடிந்து 5 ஆண்டுகளும், அதற்கு மேல் என்றால் 20 ஆண்டுகளும் மக்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நமக்குப் பணம் தருகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. திறப்பு விழாப் படம் வந்ததும் அவர்கள் பைல் மூடப்படும். டொமைனுக்கு வருடம் ஆயிரம் சொச்சம், ஹோஸ்டிங்குக்கு சில ஆயிரம், கூடவே ஏதாவது உடைந்தால் சரிசெய்ய டெவலப்பருக்கு ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். பெரிய தொகை இல்லை. ஆனால் ஆண்டுதோறும் வேண்டும், அதற்குத் திறப்பு விழாவும் கிடையாது. மானியத்தில் பிறந்த தளங்கள் மூன்றாம் வருடம் செத்துப்போவது இதனால்தான். டொமைன் ஒரு பழைய ஊழியர் பெயரில் இருக்கும், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருடைய மறந்துபோன முகவரிக்குப் போகும், ஒருநாள் அந்தப் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடும்.

சோழர் காலத்தில் கோயிலுக்கு அணையாமல் எரியும் நுந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு வைத்து, ஆட்டை இடையரிடம் ஒப்படைத்து, அவர் நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு பெருகும், நெய் நிற்காது. எங்கள் ஐயாவுக்கு இந்தக் கல்வெட்டுகள் தண்ணீர்பட்ட பாடு. ஏஎம்சி பற்றி நான் புலம்பியபோது அவர்தான் சொன்னார்: "வெளக்க மட்டும் கேட்டுக்கிட்டு அலையறமே கண்ணு, ஆட்டையும் கேளு."

கேட்டோம். கோயில்களில் கட்டளை ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும். தொகையை டெபாசிட்டில் போட்டு வட்டியில் வருடத்தில் ஒருநாள் பூஜை நடக்கும். அதே மாதிரி 'இணையக் கட்டளை' என்று ஒரு மூலநிதி. கொடுப்பவர் 'இது மூலநிதிக்கு' என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் டிரஸ்டின் வருமானத்தில் சேராது. வருமான வரிச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் மட்டும், அதாவது வங்கி டெபாசிட் போன்றவற்றில், தனியாகப் போட்டு வைக்க வேண்டும். ஆடிட்டர் இரண்டு முறை சொன்ன விஷயம் இது. சர்வருக்குப் பணம் கேட்டால் விழித்தவர்கள், கட்டளை என்றதும் எவ்வளவு என்று கேட்டார்கள். முழுத்தொகை இன்னும் சேரவில்லை. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வட்டி போதும், ஏஎம்சிக்குப் போதாது. அதற்கு நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு ஒதுக்குகிறோம். டொமைன் டிரஸ்ட் பெயரில் இருக்கிறது. பாஸ்வேர்டு இரண்டு டிரஸ்டிகளிடம் உறையில் இருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பவை பற்றி ஒரு வார்த்தை. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் 2011-ல் 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கியது. பணம் கேட்பதில்லை, படம் நன்றாக இருக்கும். வைக்கலாம். ஆனால் அங்கே மட்டும் வைத்துவிட்டு நம் வீட்டைப் பூட்டிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் ஒருநாள் கடையைக் கட்டினால் நம் பட்டியலும் கூடவே போகும். முதல் பிரதி நம்மிடம், இரண்டாவது அவர்களிடம் என்றால் சரி.

இப்போது டிரஸ்டிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சண்டை வேறு. படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடுவதா, குறுக்கே வாட்டர்மார்க் போடுவதா? நியூயார்க் மெட் மியூசியம் 2017-ல் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துவிட்டது. பிரிட்டன் லாட்டரி நிதியும் பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தைத்தான் கேட்கிறது. நான் திறந்துவிடும் கட்சி. படம் விற்று எங்களுக்கு வருடத்தில் ஒரு மாத மின்கட்டணம்கூட வந்ததில்லை. ஒரு டிரஸ்டிக்கு இது பிடிக்கவில்லை: "காலண்டர்காரன் எடுத்துப் போட்டு விப்பான், நாம பாத்துக்கிட்டு நிக்கணுமா?" விற்கட்டும், கீழே நம் ஊர்ப் பெயர் வந்தால் போதும் என்பது என் பதில். ஐயா இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. காசுகளுக்குத் திறந்துவிடலாம், சுவடிகளைக் கொடுத்த குடும்பங்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார். அந்தக் குடும்பங்களின் முகவரிகள் பழைய பதிவேட்டில் பாதிதான் இருக்கின்றன. தை மாதக் கூட்டத்துக்குள் மீதியைத் தேடிப் பிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.